கெளுத்திக்கு யார் பெயர் வைக்கிறது?

(எபிசோடின் ஒலிவடிவத்தை எழுத்தாக்கி, வாசிக்க ஏற்றபடி திருத்தியது.)

இன்னைக்குப் பேசப்போறது மீசை வச்ச மீன்களைப் பற்றி. நீங்க அதை ஏற்கனவே மூணு இடத்துல பார்த்திருப்பீங்க. மீன் மார்க்கெட்ல, அன்னக்கூடைக்குள்ள நெளிஞ்சுக்கிட்டு இருக்கிற கெளுத்தி. ரெஸ்டாரண்ட் மெனுவுல, முள்ளே இல்லாத வெள்ளைத் துண்டா வர்ற பாசா. அப்புறம் யாரோ ஒரு ஃப்ரெண்ட் வீட்டு மீன் தொட்டியில, கண்ணாடியை வாயால கவ்விக்கிட்டுத் தொங்குற 'டேங்க் க்ளீனர்'. மூணுக்கும் உருவத்துல சம்பந்தமே தெரியாது. ஆனா மூணும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசைக்கு சைலூரிஃபார்ம்ஸ்னு பெயர். ஆங்கிலத்துல கேட்ஃபிஷ். தமிழ்ல பொதுவா கெளுத்தி இனம்னு வச்சுக்கலாம்.

இதுவரைக்கும் அறிவியல் பெயர் வச்சிருக்கிற கெளுத்தி இனங்கள் 4,000-க்கும் மேல. சுமார் 40 குடும்பங்கள். உலகத்துல முதுகெலும்பு உள்ள இருபது இனங்களை எடுத்தா, அதுல ஒண்ணு கெளுத்தியா இருக்கும். பறவை, பாம்பு, தவளை, மனுஷன் எல்லாத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அண்டார்டிகாவுலகூட கெளுத்தியோட புதைபடிவம் கிடைச்சிருக்கு.

இவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறது யார், எப்படி, அந்தப் பெயர் தப்பா இருந்தா என்ன ஆகும். இதுதான் இன்னைக்கு டாபிக். 'பெயர்ல என்ன இருக்கு'ன்னு கேக்குறவங்க கடைசி வரைக்கும் கேளுங்க. சில மீன்கள் விஷயத்துல, அது பிழைக்குமா அழியுமாங்கிறதே பெயர்லதான் இருக்கு.

முதல்ல, கெளுத்தின்னா என்ன?

மீசை இருந்தா கெளுத்தின்னு சொல்லிடலாமா? முடியாது. கெண்டை வகையில சிலதுக்கும் குட்டி மீசை உண்டு. அயிரைக்கும் உண்டு. அதனால ஆராய்ச்சியாளர்கள் எலும்புகளைப் பார்க்குறாங்க, இப்போ மரபணுவையும் பார்க்குறாங்க. நாம வெளியில இருந்து பார்த்தே தெரிஞ்சுக்கக்கூடிய விஷயங்களும் சிலது இருக்கு.

ஒண்ணு, செதில் கிடையாது. அதனாலதான் வீட்டுல கெளுத்தியைக் கழுவும்போது வழுக்கும். சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்க்கச் சொல்றது அந்த வழவழப்பு போறதுக்குத்தான். நம்ம டேங்க் க்ளீனருக்கு மட்டும் உடம்பு முழுக்கக் கவசம் இருக்கே, அது செதில் இல்லையான்னு கேட்பீங்க. இல்லை. அது எலும்புத் தகடு. செதிலை இழந்த ஒரு பரம்பரை, பிற்பாடு வேற மாதிரி கட்டிக்கிட்ட பாதுகாப்பு அது.

ரெண்டு, மீசை. அது வெறும் தொடு உறுப்பு இல்லை, அதுலயே நாக்கு இருக்குன்னு சொல்லலாம். மீசை முழுக்க சுவை மொட்டுகள். பல இனங்கள்ல உடம்புத் தோல் மேலயும் சுவை மொட்டுகள் பரவிக் கிடக்கும். கலங்கின தண்ணியில, ராத்திரியில, கண்ணை நம்பாம இரையைத் தேடுற வழி இது. சேத்துக்குள்ள ஒரு புழு எந்தப் பக்கம் இருக்குன்னு ருசி பார்த்தே போய்ச் சேர்ந்துடும்.

மூணு, முள். முதுகுத் துடுப்புலயும் மார்புத் துடுப்புகள்லயும் முன்னாடி உறுதியான ஒரு முள் இருக்கும். ஆபத்துன்னா அதை விரிச்சு, எலும்பு மூட்டுல பூட்டுப் போட்டுடும். வெளியில இருந்து மடக்க முடியாது. பாம்போ கொக்கோ விழுங்கப் பார்த்தா தொண்டையில மாட்டும். சில இனங்கள்ல அந்த முள்ளோட ஒட்டின தோல்ல விஷச் சுரப்பியும் இருக்கு. ஜெரமி ரைட்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009-ல ஒரு கணக்குப் போட்டார். குறைஞ்சது 1,250 கெளுத்தி இனங்களுக்கு விஷம் இருக்கலாம்னு அவர் சொன்னார். விஷ மீன்னு சொன்னதும் கடல்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா ஊர்க் குளத்துலயே இருக்கு. தேளின்னு ஒரு மீன் இருக்குல்ல? பெயரைக் கவனிங்க, தேள் உள்ளேயே இருக்கு. பெயர் வச்சவருக்கு லேப் எதுவும் தேவைப்படல, ஒரு கடி போதுமா இருந்திருக்கு. கடின்னு சொல்றோம், உண்மையில அது குத்து.

இன்னொண்ணு வெளியில தெரியாது. காற்றுப் பையில இருந்து உள்காது வரைக்கும் ஒரு குட்டி எலும்புச் சங்கிலி ஓடும். தண்ணியில வர்ற சத்தத்தைக் காற்றுப் பை வாங்கி, அந்த எலும்புகள் வழியா காதுக்கு அனுப்பும். கிட்டத்தட்ட ஸ்பீக்கரைத் தலைகீழாக் கட்டின மாதிரி. இது கெண்டைக்கும் உண்டு. கெண்டையும் கெளுத்தியும் தூரத்துச் சொந்தம்னு தெரிஞ்சது இந்த மாதிரி விஷயங்களை வச்சுத்தான்.

தரங்கம்பாடியில இருந்து பெர்லினுக்கு

இப்போ பெயருக்கு வருவோம். 1758-ல லின்னேயஸ் தன் பெரிய பட்டியலைப் போட்டப்போ, தனக்குத் தெரிஞ்ச கெளுத்திகளைப் பெரும்பாலும் ஒரே பேரினத்துல போட்டுட்டார். சைலூரஸ். நம்ம பாஷையில சொன்னா, எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டின மாதிரி. அன்னைக்கு அது போதும். அவர்கிட்ட இருந்தது கொஞ்சம் மீன்தான்.

அப்புறம் உலகம் பூரா இருந்து மீன்கள் ஐரோப்பாவுக்கு வர ஆரம்பிச்சது. அதுல ஒரு முக்கியமான ரூட் நம்ம தரங்கம்பாடி. அப்போ அது டேனிஷ்காரங்க கையில இருந்த ஊர். அங்க கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் இருந்தார். அவர் மீன்களைச் சேகரிச்சு பெர்லின்ல இருந்த மார்கஸ் ப்ளாக்கிற மருத்துவருக்கு அனுப்பினார். ப்ளாக் அந்தக் காலத்தோட பெரிய மீன் நிபுணர். 1794-ல அவர் வெளியிட்டதுல ரெண்டு கெளுத்திகள் தரங்கம்பாடியில இருந்து போனவை. ஒண்ணு உடம்புல கோடு போட்ட சின்னக் கெளுத்தி, சைலூரஸ் விட்டேட்டஸ். இன்னொண்ணு நம்ம தேளி, சைலூரஸ் ஃபாசிலிஸ். ஃபாசிலிஸ்னா லத்தீன்ல தோண்டி எடுக்கப்பட்டதுன்னு அர்த்தம். சேத்துல கிடக்கிற மீனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இன்னைக்கு அந்த ரெண்டுமே சைலூரஸ் இல்லை. முதலாவது மிஸ்டஸ் விட்டேட்டஸ் ஆச்சு, தேளி ஹெட்டெரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ் ஆச்சு. ஃபோல்டர் மாறிடுச்சு. ஆனா இங்க ஒரு அழகான விதி இருக்கு. பேரினம் மாறினாலும் முதல்ல பெயர் வச்சவரோட பெயரும் வருஷமும் போகாது. அதை அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க: (ப்ளாக், 1794). அடைப்புக்குறி இருந்தா, இந்த இனம் முதல்ல வேற பேரினத்துல இருந்துச்சுன்னு அர்த்தம். கோட் எழுதுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். இது கிட் ப்ளேம் மாதிரி. ஃபைலை எங்க நகர்த்தினாலும், அந்த வரியை முதல்ல எழுதினது யாருன்னு தெரியும்.

ஆனா அந்த வரிசையில மீனவர் பெயர் இருக்காது. வலை போட்டவர், 'இது தேளி, கையை வைக்காதீங்க'ன்னு சொன்னவர், அவங்க யாருன்னு எந்த அடைப்புக்குறியிலயும் இல்லை.

ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு பிரச்சனை உண்டு. வாளையை எடுத்துக்குங்க. ஆத்து வாளை, பெரிய வாய் உள்ள, மத்த மீனைத் தின்கிற ஒரு கெளுத்தி வகை. கடற்கரையில வாளைன்னு கேட்டா, வெள்ளி ரிப்பன் மாதிரி நீளமா ஒரு மீனைத் தருவாங்க. அதுக்கும் கெளுத்திக்கும் எந்த உறவும் இல்லை. குறுந்தொகையில, கரையோர மாமரத்துல இருந்து உதிர்ற பழத்தைக் கவ்வுற வாளை ஒண்ணு வரும். அது வயல் பக்கத்துக் குளத்து மீன். அதனால கடல் வாளையா இருக்க முடியாது. ஒரே பெயர், ரெண்டு மீன். அறிவியல் பெயர் தேவைப்படுறது இதுக்குத்தான்.

ஒரு மீன் கெளுத்தியா இல்லையான்னு சட்டம் போட்ட கதை

இப்போ மெனுவுல இருக்கிற பாசாவுக்கு வருவோம். வியட்நாம்ல மேகாங் ஆத்துப் பக்கம் வளர்க்கிற பங்காசிடே குடும்பத்து மீன் அது. நமக்கு பாசான்னு வர்றது பெரும்பாலும் பங்கேசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ்ங்கிற இனம். வேகமா வளரும், முள் நீக்குறது சுலபம், வாடை கம்மி.

2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல இது அமெரிக்காவுக்கு மலிவு விலையில போக ஆரம்பிச்சது. அங்க மிசிசிப்பி, அலபாமா மாதிரி தெற்கு மாநிலங்கள்ல கேட்ஃபிஷ் பண்ணைகள் ஒரு பெரிய தொழில். அவங்க வளர்க்கிறது இக்டாலூரிடேங்கிற வட அமெரிக்கக் குடும்பத்து மீன். விலையில போட்டி போட முடியல. அதனால பெயர்ல போட்டி போட்டாங்க. 2002-ல வந்த அமெரிக்க விவசாயச் சட்டம், இக்டாலூரிடே குடும்பத்து மீனை மட்டும்தான் கேட்ஃபிஷ்னு லேபிள் ஒட்டி விற்கலாம்னு சொல்லிடுச்சு. அதாவது 4,000 இனங்கள் உள்ள வரிசையில, ஒரே ஒரு கண்டத்துக் குடும்பம்தான் கேட்ஃபிஷ். மத்த சுமார் நாற்பது குடும்பமும் ஏதோ பெயர் தெரியாத மீன். அடுத்த வருஷம் வியட்நாம் மீனுக்குத் தனி வரியும் போட்டாங்க.

வியட்நாம்காரங்க பாசா, ட்ரா, ஸ்வாய்னு வேற பெயர் போட்டு வித்தாங்க. வியாபாரம் நிக்கல.

அடுத்த திருப்பம் 2008-ல. கேட்ஃபிஷ் பரிசோதனையை விவசாயத் துறைக்கு மாத்தணும்னு புதுச் சட்டம் வந்தது. அந்தத் துறையோட விதிகள் ரொம்பக் கடுமை. இறக்குமதி பண்றவங்களுக்குத் தலைவலி. ஆனா ஒரு சிக்கல்: சட்டப்படி பாசா கேட்ஃபிஷே இல்லையே! அப்போ அந்தப் பரிசோதனை அதுக்கு எப்படிப் பொருந்தும்? அதனால 2014 சட்டத்துல, சைலூரிஃபார்ம்ஸ் வரிசையில உள்ள எல்லா மீனுக்கும் இந்தப் பரிசோதனைன்னு எழுதினாங்க. 2016 மார்ச்ல அது நடைமுறைக்கு வந்தது.

பன்னிரண்டு வருஷத்துல, 'இது கேட்ஃபிஷ் இல்லை'ங்கிறதுல இருந்து 'இதுவும் கேட்ஃபிஷ் கூட்டம்தான்'னு வந்து நின்னாச்சு. மீன் மாறல. ரெண்டு தடவையும் பயன்படுத்தினது அறிவியல் சொற்கள்தான், இதுதான் சுவாரஸ்யம். முதல் தடவை குடும்பம், ரெண்டாவது தடவை வரிசை. அடுக்குகள் அறிவியலோடது. எந்த அடுக்குல கோடு போடுறதுங்கிற முடிவு வியாபாரத்தோடது. அதனால யாராவது 'இது அறிவியல் பெயர்தானே'ன்னு சொன்னா, எந்த அடுக்கு, அதனால யாருக்கு லாபம்னு கேட்டுப் பாருங்க.

இந்தச் சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம் கவனத்துக்கே வரல. பண்ணையில கோடிக்கணக்குல வளர்ற இதே இனம், மேகாங் ஆத்துல இயற்கையா வாழ்றது அழிவின் விளிம்புக்குப் போயிக்கிட்டு இருக்கு. பன்னாட்டு செம்பட்டியல்ல அது அபாய நிலையில இருக்கு. தட்டுல நிறைய இருந்தா ஆத்துலயும் நிறைய இருக்கும்னு நினைச்சிடக் கூடாது.

பெயர் மறைச்ச அபாயம்

அடுத்தது நம்ம நாட்டுக் கதை. வட இந்தியாவுலயும் வங்காளத்துலயும் மாகூர்னு ஒரு கெளுத்தி உண்டு. பீகாரோட மாநில மீன். செவுளுக்கு மேல மரக்கிளை மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, அதை வச்சுக் காற்றையே சுவாசிக்கும். குளம் வத்தினா ஈரத்தரையில தவழ்ந்து வேற தண்ணிக்குப் போகும். பாடப்புத்தகங்கள்ல ரொம்ப காலமா இதோட பெயர் க்ளேரியஸ் பேட்ராகஸ். இதே பெயர்தான் தாய்லாந்து மீனுக்கும், இந்தோனேசிய மீனுக்கும். ஆசியா பூரா ஒரே இனம்னு நினைச்சாங்க.

பேட்ராகஸ்னு பெயர் வச்சவர் லின்னேயஸ். அவர் எழுதின விவரம் ரொம்பச் சுருக்கம். எந்த ஊர் மீன்னு அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. 2008-ல ஹியோக் ஹீ இங்கும் மாரிஸ் கோட்டலாட்டும் இந்தக் குழப்பத்தை எடுத்து, ஜாவாத் தீவுல இருந்து ஒரு மீனை அந்தப் பெயருக்கான அடையாள மாதிரியா நிறுத்தினாங்க. அப்போ இந்திய மீன்? அதுக்கு 1822-லயே கங்கை மீன்களைப் பற்றி எழுதின ஃப்ரான்சிஸ் ஹாமில்டன், மாகூர்ங்கிற ஊர்ப் பெயரையே வச்சிருந்தார். அந்தப் பழைய பெயர் திரும்ப வந்தது: க்ளேரியஸ் மாகூர். தென்னிந்தியாவுல இருக்கிறது இன்னொரு தனி இனம், க்ளேரியஸ் டுசுமியேரி.

இதுல என்ன ஆகிடப்போகுதுன்னு தோணலாம். ஒரே பெயர்ல இருந்தவரைக்கும், 'ஆசியா முழுக்க இருக்கிற மீன், கவலை இல்லை'ன்னு சொல்லிடலாம். பெயரைப் பிரிச்சுத் தனியா எண்ணினப்போதான் தெரிஞ்சது, மாகூர் அபாய நிலையில இருக்குன்னு. சராசரியைப் பார்த்துட்டு சர்வர் எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைப்போம். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தா ஒண்ணு செத்துக்கிட்டு இருக்கும். அதே கதைதான்.

இதுக்கு மேல ஒரு சுமை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. க்ளேரியஸ் கேரிபைனஸ். ஒண்ணரை மீட்டர் வரைக்கும் வளரும், கிடைச்சதைத் தின்னும், கழிவுத் தண்ணியிலயும் பிழைக்கும். 2000-ல இந்திய அரசு இதை வளர்க்கத் தடை போட்டுச்சு. இருந்தும் திருட்டுத்தனமா வளர்க்குறாங்க. தமிழ்நாட்டுலயும் அதிகாரிகள் குளங்களை அழிச்ச செய்தி அப்பப்போ வரும். இது எப்படி விக்குது? பல சந்தைகள்ல மாகூர்ங்கிற பெயர்லதான். சின்னக் குஞ்சா இருக்கும்போது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்குறது பழகாத கண்ணுக்குக் கஷ்டம். நாட்டு மீனோட பெயரைப் போட்டுக்கிட்டே, அந்த மீனைத் தின்கிற மீன் குளத்துக்குள்ள போகுது.

டேங்க் க்ளீனர் கதையும் இதேதான். அது தென் அமெரிக்காவோட லோரிகேரிடே குடும்பம், கெளுத்திகள்லயே பெரிய குடும்பம், 1,000 இனங்களுக்கு மேல. கடையில விரல் நீளம். வளர்ந்து அரை மீட்டருக்குப் பக்கமா வரும்போது தொட்டி பத்தாது. 'பாவம், கொல்ல மனசில்லை'ன்னு பக்கத்து ஏரியில விட்டுடுவாங்க. இன்னைக்கு நம்ம ஊர் ஏரிகள்ல வலை போட்டா அது வருது. முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும், வாங்குறதுக்கு ஆளும் இல்லை. நஷ்டம் மீனவருக்கு. இந்த எபிசோட்ல இருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டாப் போதும்னா, அது இதுதான்: தொட்டி மீனை ஏரியில விடாதீங்க. வாங்கின கடையிலயே கேளுங்க, இல்லைன்னா பெரிய தொட்டி வச்சிருக்கிற யாருக்காவது கொடுங்க.

கிணத்துக்குள்ள இருந்து வந்த பெயர்

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச கெளுத்தி. பேரினத்தோட பெயர் ஹோராக்ளானிஸ். விரல் நீளம்கூட இருக்காது. கண் கிடையாது. உடம்புல நிறமி கிடையாது, உள்ள ஓடுற ரத்தம் தெரியறதால இளஞ்சிவப்பா இருக்கும். கேரளாவோட செம்புரைக்கல் பாறைகளுக்கு அடியில இருக்கிற நிலத்தடி நீர்தான் அதோட உலகம். வெளிச்சமே பார்க்காத வாழ்க்கை.

முதல் இனம் கோட்டயத்துக் கிணத்துல இருந்து கிடைச்சு, 1950-ல பெயர் பெற்றது. 2012-ல திருச்சூர் மாவட்டத்துல கிடைச்ச இன்னொரு இனத்துக்கு நம்ம அப்துல் கலாமோட பெயரை வச்சாங்க: ஹோராக்ளானிஸ் அப்துல்கலாமி. ராமேஸ்வரத்துக்காரர் பெயர்ல, பாதாளத்துல நீந்துற ஒரு மீன் இருக்கு.

இந்த மீனை ஆராய்றதுல ஒரு அடிப்படைச் சிக்கல். வலை போட முடியாது. நிலத்தடி நீருக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. கிணறு தூர் வாரும்போதோ, மோட்டார் போட்டுத் தொட்டியில தண்ணி ஏத்தும்போதோ, குழாயைத் திறக்கும்போதோ ஒண்ணு தற்செயலா வந்து விழுந்தாத்தான் உண்டு. அதனால ஆராய்ச்சிக் குழு ஊர் மக்கள்கிட்டயே போச்சு. 'உங்க வாளியில சிவப்பா புழு மாதிரி ஏதாவது நெளிஞ்சா கொட்டிடாதீங்க, எங்களுக்குச் சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆறு வருஷம் இது நடந்துச்சு. மக்கள் சொன்னாங்க, மீன் வந்துச்சு, மரபணுவைப் பார்த்தாங்க. பார்வைக்கு ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கிற மீன்களுக்குள்ள, மரபணுவுல பெரிய வித்தியாசங்கள் இருந்துச்சு. லட்சக்கணக்கான வருஷமா பிரிஞ்சு வாழ்ந்தும், உருவம் மட்டும் அப்படியே நின்னிருக்கு. இருட்டுல யாருக்கு உருவம் மாறணும்?

அதுல இருந்து 2023-ல ஒரு புது இனத்துக்குப் பெயர் வச்சாங்க. ஹோராக்ளானிஸ் பாப்புலி. லத்தீன்ல பாப்புலின்னா மக்களோட, மக்களுடைய. வாளியைக் கொட்டாம வச்சிருந்து தகவல் சொன்ன மக்களுக்காக வச்ச பெயர் அது.

தரங்கம்பாடியில தேளியைப் பிடிச்சுக் கொடுத்தவர் பெயர் எங்கயும் இல்லைன்னு சொன்னேன்ல? இருநூத்தி இருபத்தொன்பது வருஷம் கழிச்சு, அந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. அடைப்புக்குறிக்குள்ளகூட இல்லை, பெயர்லயே.

ஆனா அந்த மீனுக்கு ஆபத்தும் அதே கிணறு வழியாத்தான் வருது. போர் போட்டு உறிஞ்சுற தண்ணி, தோண்டி எடுக்கிற செம்புரைக்கல், இறங்குற பூச்சிமருந்து. கண்ணுக்குத் தெரியாத மீன் கண்ணுக்குத் தெரியாமலே போயிடலாம். பெயர் இருந்தா, குறைஞ்சபட்சம் என்ன போச்சுன்னாவது தெரியும். பெயர் வைக்காததுல எத்தனை ஏற்கனவே போயிடுச்சுன்னு எண்ணவே முடியாது.

அடுத்த தடவை மீன் மார்க்கெட் போனா, கெளுத்தி விக்கிற அக்காகிட்ட 'இது என்ன கெளுத்தி, எந்தத் தண்ணி மீன்'னு கேளுங்க. நாட்டுக் கெளுத்தியா, பண்ணை மீனான்னு அவங்க பார்த்ததும் சொல்லிடுவாங்க. அவங்ககிட்ட எத்தனை பெயர் இருக்குன்னு எழுதி எங்களுக்கு அனுப்புங்க. ஊர், மாவட்டம் சேர்த்து எழுதுங்க, ஏன்னா ஒரே பெயர் ரெண்டு ஊர்ல ரெண்டு மீனா இருக்கும். வந்ததையெல்லாம் தொகுத்து ஒரு எபிசோடா போடலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.